தீவுக்குப் பாலம் வேண்டுமா, வேண்டாமா? பிரின்ஸ் எட்வர்ட் தீவின் நீண்ட வழக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் கிழக்குக் கரையில் இருக்கும் பிரின்ஸ் எட்வர்ட் தீவுதான் அந்த நாட்டின் மிகச் சிறிய மாகாணம். செம்மண், உருளைக்கிழங்கு, சிங்கி இறால், கோடையில் சுற்றுலாப் பயணிகள் என்று ஓடுகிற ஊர். அதற்கும் எதிர்க்கரையிலுள்ள நியூ பிரன்ஸ்விக் மாகாணத்துக்கும் நடுவில் நார்தம்பர்லேண்ட் நீரிணை. 1997 மே 31 அன்று அதன் குறுக்கே 12.9 கி.மீ. நீளமுள்ள கான்ஃபெடரேஷன் பாலம் திறக்கப்பட்டது. அது வருவதற்கு முன் தீவு மக்கள் பத்தாண்டுக்கும் மேலாக இரண்டுபட்டுக் கிடந்தார்கள். பாலத்தை எதிர்ப்பவர் என்றாலே வளர்ச்சிக்கு எதிரி என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த எதிர்ப்பு இல்லாமல் இவ்வளவு உருப்படியான பாலம் கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன். ஏன் என்பது கீழே உள்ள பதில்களில் தெரியும்.

பாலம் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகிறது?

தீவுப் பக்கம் போர்டன்-கார்ல்டன். எதிர்க்கரையில் கேப் ஜோரிமெய்ன். எதிர்க்கரையில் பல ஆண்டுகளாகப் படகுத்துறை இருந்த ஊர் இது இல்லை, பக்கத்திலிருக்கும் கேப் டார்மென்டைன். 1917 முதல் 80 ஆண்டுகள் போர்டனும் கேப் டார்மென்டைனும்தான் ஜோடி. ஒரு கரையில் கிளம்பும் கப்பல் மறுகரையில் வந்து நிற்கும், இரண்டு ஊரும் அதை நம்பியே பிழைத்தன. பாலம் வந்தபோது போர்டனுக்குச் சாலையாவது மிஞ்சியது. கேப் டார்மென்டைனை நெடுஞ்சாலை ஒதுக்கிவிட்டுப் போய்விட்டது.

பாலத்துக்கு முன் குளிர்காலத்தில் எப்படிக் கடந்தார்கள்?

அந்தக் கடல் குளிர்காலத்தில் உறைந்துவிடும். ஆனால் நடந்து போகும்படி ஒரே பாளமாக உறையாது. உடைந்த பாளங்கள் நீரோட்டத்தில் மிதந்து ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருக்கும். நடுவில் திறந்த நீர், பிறகு மறுபடி பனி. 19ஆம் நூற்றாண்டில் இதைக் கடக்கப் 'பனிப்படகு' என்ற ஒன்றை வைத்திருந்தார்கள். தண்ணீர் வந்தால் துடுப்பு போடுவார்கள். பனி வந்தால் ஆட்கள் இறங்கி, படகோடு கட்டிய தோல்வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு இழுப்பார்கள். பனி உடைந்து கால் உள்ளே போனாலும் அந்த வார்தான் ஆளைக் காப்பாற்றும். பயணிகளுக்கு இரண்டு விதக் கட்டணம்: இறங்கி இழுக்கச் சம்மதித்தால் குறைவு, உட்கார்ந்தே வந்தால் அதிகம். தபாலும் இதில்தான் வந்தது.

இடையில் ஸ்டான்லி, மின்டோ என்று பனி உடைக்கும் நீராவிக் கப்பல்கள் வந்தன. கடும் பனியில் அவையும் மாட்டிக்கொண்டன. 1917இல் ரயில் பெட்டிகளையே ஏற்றிச் செல்லும் பெரிய கப்பல் போர்டனிலிருந்து ஓடத் தொடங்கிய பிறகுதான் பனிப்படகுகளுக்கு ஓய்வு கிடைத்தது.

படகுச் சேவை அரசியல் சட்டத்திலேயே இருந்ததாமே?

ஆமாம். இந்தச் சண்டை முழுவதற்கும் அடிவேர் அதுதான். கனடாக் கூட்டமைப்பை உருவாக்கும் பேச்சுவார்த்தை 1864இல் இந்தத் தீவின் சார்லட்டவுனில்தான் நடந்தது. ஆனால் தீவு அப்போது சேரவில்லை. ரயில் பாதை போட்டு வாங்கிய கடன் கழுத்தை நெரித்த பிறகு, 1873இல் தான் சேர்ந்தது. சேரும்போது ஒரு நிபந்தனை வைத்தது: தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே, கோடையிலும் குளிரிலும், திறமையான நீராவிக் கப்பல் சேவையைக் கனடா அரசு நடத்த வேண்டும். அதற்கு அரசும் ஒப்புக்கொண்டது.

தீவு மக்களுக்கு இது உரிமை. சலுகையாக அவர்கள் அதைப் பார்க்கவே இல்லை. குளிர்காலத்தில் சேவை தடைப்பட்ட போதெல்லாம் ஒட்டாவாவிடம், அதாவது தலைநகரிலிருந்த மத்திய அரசிடம், நியாயம் கேட்டு நின்றார்கள்.

பாலம் என்ற யோசனை 1980களில்தான் வந்ததா?

இல்லை. ஜார்ஜ் ஹவ்லன் என்ற செனட்டர் 1880களிலேயே கடலடிச் சுரங்கப்பாதை வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். அது நடக்கவில்லை. 1965இல் பிரதமர் லெஸ்டர் பியர்சனின் அரசு கரைமேடு (கடலில் கல்லும் மண்ணும் கொட்டி எழுப்பும் சாலை), பாலம், சுரங்கம் மூன்றும் சேர்ந்த ஒரு திட்டத்தை அறிவித்து, அணுகுசாலை வேலையையும் தொடங்கியது. 1969இல் செலவைப் பார்த்துக் கைவிட்டார்கள். அதற்குப் பதிலாகத் தீவின் பொருளாதாரத்துக்கென்று ஒரு வளர்ச்சித் திட்டம் தரப்பட்டது.

1980களின் நடுவில் தனியார் நிறுவனங்கள் தாங்களாகவே திட்டங்களுடன் ஒட்டாவாவின் கதவைத் தட்டின. ஆண்டுதோறும் படகுக்குக் கொட்டும் மானியத்தை எங்களுக்குத் தாருங்கள், நாங்கள் நிரந்தர இணைப்பு கட்டித் தருகிறோம் என்பதுதான் சுருக்கம். அரசுக்கு அந்தக் கணக்குப் பிடித்துப்போனது.

மக்களிடம் கேட்டார்களா?

கேட்டார்கள். மாகாண முதல்வர் ஜோ கீஸ் 1988 ஜனவரி 18 அன்று கருத்து வாக்கெடுப்பு நடத்தினார். தீவுக்கும் நியூ பிரன்ஸ்விக்குக்கும் இடையே நிரந்தர இணைப்பு வருவதை ஆதரிக்கிறீர்களா என்று ஒரே கேள்வி. 59 சதவீதத்துக்குச் சற்று மேல் ஆதரவு.

பாலத்துக்கு மக்கள் ஆணை கிடைத்துவிட்டது என்று ஆதரவாளர்கள் சொன்னார்கள். எதிர்த்தவர்கள் கேட்டது இது: எந்தப் பாலத்துக்கு? அன்றைக்கு வரைபடம் முடிவாகவில்லை, கட்டணம் முடிவாகவில்லை, அது பாலமா சுரங்கமா என்பதே முடிவாகவில்லை. கேள்விச்சீட்டில் இருந்தது 'நிரந்தர இணைப்பு' என்ற பொதுப்பெயர் மட்டும். இந்த வாதத்தில் எனக்கு நியாயம் தெரிகிறது. கொள்கையளவில் சரி என்று சொன்னவர், பின்னால் வருகிற எந்த ஒப்பந்தத்துக்கும் கையெழுத்துப் போட்டதாக ஆகாது.

வேண்டும் என்றவர்கள் யார்? அவர்கள் சொன்ன காரணம்?

'மேலான எதிர்காலத்துக்கான தீவினர்' என்று பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பு அவர்களைத் திரட்டியது. வணிகர்கள், லாரிக்காரர்கள், உருளைக்கிழங்கு ஏற்றுமதி செய்பவர்கள், சுற்றுலாத் தொழிலில் இருந்தவர்கள் முன்னால் நின்றார்கள். கோடையில் படகுத்துறையில் கார்கள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். ஒரு கப்பல் கண்ணெதிரே நிரம்பிக் கிளம்பிப் போகும், அடுத்ததற்காகக் குழந்தைகளோடு வெயிலில் காத்திருக்க வேண்டும். கெட்டுப்போகும் சரக்கோடு நிற்கிற லாரிக்காரருக்கு அது காசு. பெருநிலத்து நகரங்களான மாங்டனிலோ ஹாலிஃபாக்ஸிலோ உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டிய நோயாளிக்கு அது வலி. அப்புறம், வேலை தேடிப் பிள்ளைகள் வெளியேறிக்கொண்டே இருந்த தீவு அது. இணைப்பு வந்தால் தொழில் வரும் என்று நம்பியவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்ல முடியாது.

வேண்டாம் என்றவர்கள்?

'தீவின் நண்பர்கள்' என்ற அமைப்பு. அதில் விவசாயிகள், ஆசிரியர்கள், சூழல் ஆர்வலர்கள் இருந்தார்கள். மீனவர்களும் படகு ஊழியர்களும் தங்கள் தங்கள் காரணங்களோடு எதிர்ப்பக்கம் நின்றார்கள். எல்லாருடைய காரணமும் ஒன்றல்ல. மீனவருக்குக் கவலை பனியும் மீனும். ஊழியருக்கு வேலை. மற்றவர்களுக்குத் தீவு தீவாகவே இருக்க வேண்டும் என்ற எண்ணம். கதவைப் பூட்டாத, எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊர், நினைத்த நேரத்தில் யாரும் வண்டி ஓட்டி வந்துபோகும் சாலையோர ஊராகிவிடும் என்று அஞ்சினார்கள்.

கடைசிக் காரணத்தை அன்றைய பத்திரிகைகளில் பலர் வெறும் பழமைப் பாசம் என்று ஒதுக்கினார்கள். அது தவறு என்பேன். எண்ணிக்கையில் காட்ட முடியாத இழப்பும் இழப்புதான். ஆனால் சண்டையின் போக்கைத் திருப்பியது அந்த வாதம் இல்லை, பனிக்கட்டி.

பனிக்கட்டியால் பாலத்துக்கு என்ன? பாலத்தால் பனிக்கட்டிக்கு என்ன?

இரண்டும் கேட்கப்பட வேண்டியவை. முதல் கேள்வி பொறியாளர்களுக்கானது: மோதுகிற பாளங்களைத் தூண் தாங்குமா? இரண்டாவது கேள்வியைக் கேட்டவர்கள் மீனவர்களும் விவசாயிகளும்.

வசந்தத்தில் நீரிணையின் பனி உடைந்து நீரோட்டத்தோடு வெளியேற வேண்டும். வழியில் வரிசையாகத் தூண்கள் நின்றால் பாளங்கள் சிக்கி, வெளியேறுவது தள்ளிப்போகலாம். பனி போகாமல் சிங்கி இறால் பிடிக்கக் கூண்டு இறக்க முடியாது. அந்தப் பருவமே சில வாரங்கள்தான். அதில் நாள்கள் குறைந்தால் ஆண்டு வருமானம் குறையும். விவசாயிக்கும் இதே கவலை: கரையோரம் பனி தங்கினால் காற்றின் குளிர் தங்கும், மண் சூடாகத் தாமதமாகும், விதைப்பு தள்ளிப்போகும்.

மத்திய அரசு அமைத்த சுற்றுச்சூழல் மதிப்பீட்டுக் குழு ஊர் ஊராகக் கேட்டு, 1990 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. முன்வைக்கப்பட்ட வடிவில் பாலத்தைக் கட்ட வேண்டாம், பனியால் வரும் ஆபத்து ஏற்கத்தக்கதல்ல என்றது. திட்டத்துக்குப் பெரிய அடி. பெரும்பான்மை வாக்கு கிடைத்த பிறகும், சிறுபான்மையினர் எழுப்பிய ஒரு கேள்விக்குப் பதில் இல்லை என்பது அரசாங்க அறிக்கையிலேயே பதிவானது.

அதன்பின் பனி வல்லுநர்களைக் கொண்டு தனிக்குழு அமைத்தார்கள். பனி வெளியேறுவது நூறு ஆண்டுகளில் ஒருமுறைக்கு மேல் இரண்டு நாளைத் தாண்டித் தாமதமாகக் கூடாது என்று அளவுகோல் வைத்து, அதற்கேற்ற பாலம் கட்ட முடியும் என்று அது சொன்னது. தூண்களுக்கிடையே பெரிய இடைவெளி வேண்டும் என்ற கட்டாயம் இதனால் உறுதிப்பட்டது. இன்று பாலத்தின் முக்கிய இடைவெளிகள் ஒவ்வொன்றும் 250 மீட்டர். தூண்கள் நீர்மட்டத்தில் கூம்பு வடிவில் அகன்றிருக்கும். மிதந்து வரும் பாளம் அந்தச் சரிவில் மேலேறும், தன் எடையாலேயே வளைந்து முறியும், துண்டுகள் இருபுறமும் வழிந்து போகும். கேள்வி கேட்டவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டிய இடம் இது.

வழக்கு எப்படி வந்தது? யார் வென்றார்கள்?

1992இல் ஸ்ட்ரெயிட் கிராஸிங் நிறுவனத்தின் திட்டம் தேர்வானது. 'தீவின் நண்பர்கள்' மத்திய நீதிமன்றம் போனார்கள். 1993 மார்ச்சில் நீதிபதி பார்பரா ரீட் இரண்டு விஷயங்களில் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். ஒன்று, பொதுப்படையான பாலத்தை மதிப்பிட்டது போதாது, கட்டப்போகிற இந்தக் குறிப்பிட்ட பாலத்தைச் சுற்றுச்சூழல் கண்ணோடு மதிப்பிட வேண்டும். இரண்டு, 1873 நிபந்தனை இருக்கும்போது அரசு தன் இஷ்டத்துக்குப் படகை நிறுத்த முடியாது, அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும்.

அரசு இரண்டையும் செய்தது. 1994இல் கனடா அரசியல் சட்டத்தில் திருத்தம் வந்தது: நீராவிக் கப்பல் சேவைக்குப் பதிலாக நிரந்தர இணைப்பு இருக்கலாம். கூடவே இன்னொன்றையும் அதில் எழுதிக்கொண்டார்கள்: அந்த இணைப்பைப் பயன்படுத்தக் கட்டணம் வாங்குவதற்கும், தனியார் அதை நடத்துவதற்கும் தடையில்லை. ஒரு பாலத்தின் டோல் ஒரு நாட்டின் அரசியல் சட்டத்திலேயே ஏறி உட்கார்ந்தது.

அந்த வழக்கால் எதிர்த்தவர்கள் பாலத்தை நிறுத்தவில்லை. ஆனால் குறுக்குவழியை அடைத்தார்கள். ஒரு நாட்டின் வாக்குறுதியை அமைச்சர் ஒருவர் கையெழுத்தால் மாற்ற முடியாது என்று நிறுவியது சின்ன வெற்றி இல்லை.

எப்படிக் கட்டினார்கள்?

1993 இறுதியில் தொடங்கி 1997இல் முடித்தார்கள். கடலில் வேலை செய்ய ஆண்டில் சில மாதங்கள்தான் கிடைக்கும் என்பதால் பாகங்களைக் கரையிலேயே கான்கிரீட்டில் வார்த்து, மிதக்கும் ராட்சதக் கிரேனால் தூக்கிக்கொண்டுபோய் வைத்தார்கள். ஸ்வானென் என்பது அந்தக் கிரேன் கப்பலின் பெயர். தூண்மேல் வைக்கும் பெரிய கர்டர் (உத்திரம்) ஒன்று 190 மீட்டர் நீளம், எடை சுமார் 7,500 டன். செலவு ஏறக்குறைய 100 கோடி கனடிய டாலர். உறையும் கடலின் மேல் இதைவிட நீளமான பாலம் உலகில் இல்லை.

பாலத்தில் நடந்தோ சைக்கிளிலோ போகலாமா?

முடியாது. தனி வண்டியில் ஏற்றி அழைத்துப் போவார்கள். காற்று மணிக்கு 70 கி.மீ.யைத் தாண்டினால் உயரமான லாரிகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் தடை வரும். 2022 செப்டம்பரில் ஃபியோனா புயல் அடித்தபோது பாலத்தையே மூடினார்கள். மற்ற நாள்களில் காரில் பத்துப் பன்னிரண்டு நிமிடம்.

காசு யார் கொடுத்தது? டோல் பற்றி ஏன் இவ்வளவு கோபம்?

கட்டியவர்கள் 35 ஆண்டுகள் பாலத்தை நடத்தி டோல் வாங்கிக்கொள்வார்கள். அதோடு, படகுக்குக் கொடுத்துவந்த மானியத்துக்கு ஈடாக, 1992ஆம் ஆண்டு மதிப்பில் ஆண்டுக்கு 4.19 கோடி டாலர் மத்திய அரசு கொடுக்கும், விலைவாசிக்கேற்ப அது ஏறும். 2032இல் பாலம் அரசுக்கு வந்துசேரும்.

டோல் சாவடி தீவுப் பக்கம் மட்டும்தான். உள்ளே வரும்போது வாங்குவதில்லை, வெளியே போகும்போதுதான். படகில் இருந்த வழக்கம் அப்படியே தொடர்ந்தது. எப்படியும் திரும்பித்தான் ஆக வேண்டும் என்பதால் கணக்கு ஒன்றே. ஆனால் தீவில் குடியிருப்பவருக்கு மனக்கணக்கு வேறு: மருத்துவமனைக்குப் போகவும் மகனைப் பார்க்கவும் தன் வீட்டைவிட்டு வெளியேறக் காசு கொடுக்கிறார். 2025இல் கார் ஒன்றுக்கு 50.25 டாலர் வரை வந்துவிட்டது. நாட்டின் வேறு பெரிய பாலங்களில் மக்கள் இலவசமாகப் போகும்போது எங்களுக்கு மட்டும் ஏன் என்று கேட்டார்கள். அன்று பாலம் வேண்டும் என்றவரும் வேண்டாம் என்றவரும் இந்த ஒன்றில் சேர்ந்தே பேசினார்கள். 2025 ஆகஸ்ட் 1 முதல், பிரதமர் மார்க் கார்னியின் அறிவிப்பின்படி, அது 20 டாலராகக் குறைந்தது.

குறைத்தது நல்லதுதான், தாமதமாகவேனும். ஆனால் கப்பல் சேவை அரசின் கடமை என்று 1873இல் எழுதியதை நினைத்தால், கட்டணத்தை இத்தனை ஆண்டுகள் ஏறவிட்டிருக்கவே கூடாது.

படகு ஊழியர்கள் என்ன ஆனார்கள்?

பாலம் திறந்தவுடன் போர்டன் கப்பல்கள் நின்றன. தலைமுறையாக அதில் வேலை பார்த்த மாலுமிகள், இயந்திர அறை ஆட்கள், சமையலறைப் பெண்கள், துறையில் வண்டிகளை வரிசைப்படுத்தியவர்கள் எல்லாருக்கும் ஒரே நாளில் வேலை முடிந்தது. தொகை கொடுத்து அனுப்பினார்கள், மறுபயிற்சி என்றார்கள். ஐம்பது வயதில் கப்பல் எஞ்சின் மட்டுமே தெரிந்த ஆளுக்கு அந்தச் சிறிய தீவில் என்ன மறுபயிற்சி? எல்லாருக்கும் லாபம் என்று போட்ட கணக்கில் இவர்களின் பங்கு மிக மலிவாகப் போடப்பட்டது. பாலத்தை ஆதரிக்கிற எனக்கும் இந்த இடத்தில் சமாதானம் இல்லை.

தீவின் கிழக்கே உட் ஐலண்ட்ஸிலிருந்து நோவா ஸ்கோஷியா மாகாணத்துக்குப் போகும் கப்பல் பருவகாலச் சேவையாக இன்றும் ஓடுகிறது.

அஞ்சியது நடந்ததா?

கொஞ்சம் நடந்தது, கொஞ்சம் நடக்கவில்லை. பனி பற்றிய பேரச்சம் மெய்யாகவில்லை. சுற்றுலா எகிறியது: 1996இல் சுமார் 7.4 லட்சம் பேர் வந்த தீவுக்கு, பாலம் திறந்த ஆண்டில் சுமார் 12 லட்சம் பேர் வந்தார்கள், பிறகு அது தணிந்தது. லாரிகள் நேரத்துக்குப் போகின்றன. மாங்டனுக்குப் போய்ப் பெரிய கடைகளில் வாங்கிவருவது எளிதானதால் சின்ன ஊர்க் கடைகளுக்கு அடி. தீவின் குணம் மாறிவிட்டதா என்று கேட்டால், தொலைக்காட்சியும் இணையமும் புதுக் குடியேற்றமும் சேர்ந்து மாற்றிய ஊரில் பாலத்தின் பங்கை மட்டும் பிரித்து எடுக்க முடியாது.

பெயரில் என்ன தகராறு?

இந்தத் தீவு மிக்மாக் பழங்குடியினரின் நிலம். அவர்கள் தீவுக்கு வைத்த பெயரின் ஆங்கில வடிவமான 'அபெக்வெயிட்' என்பது போர்டன் கப்பலுக்கும் இருந்தது. மக்களுக்குப் பிரியமான கப்பல். பாலத்துக்கும் அதையே வைக்கப் பலர் கேட்டார்கள். 1996இல் அரசு 'கான்ஃபெடரேஷன்' என்று வைத்தது. 2022இல் பாலத்தின் பெயரை, அதே பெயரின் மிக்மாக் வடிவத்தில், 'எபெக்விட்க் கிராஸிங்' என்று மாற்றும்படி மாகாணச் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டு ஒட்டாவாவைக் கேட்டது. பாலம் மத்திய அரசின் பொறுப்பு, எனவே மாற்றும் அதிகாரமும் அங்கேதான். சட்டமன்றமே ஒரே குரலில் கேட்ட பிறகு யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2032க்குப் பிறகு?

நடத்தும் உரிமை முடிந்து பாலம் அரசின் கைக்கு வரும். 100 ஆண்டு ஆயுள் கணக்கிட்டுக் கட்டியது, அதனால் அப்போது அதன் வயதில் மூன்றில் ஒரு பங்குதான் கழிந்திருக்கும். பராமரிப்புச் செலவு இருக்கத்தான் செய்யும். அதை டோல் வழியே தீவு மக்களிடம் தொடர்ந்து வாங்குவதா, மற்ற நெடுஞ்சாலைகளைப் போல நாட்டின் பொதுச் செலவில் சேர்ப்பதா என்பதுதான் அடுத்த வாதம். அரசியல் சட்டத் திருத்தம் டோலை அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை.